பாக்கெட்டோட பின்பக்கம்

மலர்விழிய ஏமாத்தறது லேசுப்பட்ட காரியம் இல்ல. கடத்தூர் பக்கத்துல அவ ஊர் பால் சொசைட்டியில பன்னெண்டு வருசமா பால் சோதிக்கறவ. கேன்ல இருந்து ஒரு கரண்டி அள்ளி மிஷின்ல ஊத்தினா ஃபேட்டு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு சீட்டு அடிச்சு வந்துரும். சீட்டு வர்றதுக்கு முன்னாடியே அவ மூஞ்சியப் பாத்து, கொண்டாந்தவனுக்கு விசயம் தெரிஞ்சுரும். "என்னங்க பெரியப்பா, மாடு இன்னிக்கு தொட்டித் தண்ணியிலயே படுத்துக் கெடந்துச்சா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுப்புடுவா. சொந்தம் பந்தம்னு பாக்கற சோலியே கெடையாது. கட்டின புருசன் அன்பு கொண்டாந்த பாலையே ஒரு நாள் திருப்பி அனுப்பினவ. அன்னிக்கு அந்த மனுசன் கேனத் தூக்கிக்கிட்டு வூட்டுக்கு நடந்த நடையப் பத்தி ஊரு இன்னும் பேசுது.

இப்பேர்ப்பட்டவ வியாழக்கிழமை காலையில, பால் ஊத்தறவங்க வரிசையில நிக்கும்போதே மிஷின அணைச்சுட்டு வெளிய வந்துட்டா. போன்ல தங்கச்சி ஐஸ்வர்யா அழுதுகிட்டு இருந்தா.

ஐஸ்வர்யாவ அதியமான்கோட்டையில கட்டிக் கொடுத்திருந்தது. இப்ப வயித்துல ஏழு மாசம். மூணு மாசம் முன்னாடியே டாக்டரம்மா சொல்லிட்டாங்க, கர்ப்பத்துல வர்ற சர்க்கரை இருக்குது, வாயக் கட்டணும்னு. அம்மா செத்தப்ப ஐஸ்வர்யா பத்தாவது படிச்சிட்டு இருந்தா. அதுக்கப்புறம் அம்மா, அக்கா எல்லாமே மலர்விழிதான்.

"நேத்து டெஸ்ட்டுல நூத்தித் தொண்ணூறுக்கா. போன வாட்டியவிட ஏறிருச்சு."

"எப்படிடி ஏறும்? சோத்தையும் கொறச்சுட்ட, காப்பியில சக்கரையும் இல்ல."

"அதையேதான் அத்தயும் கேக்கறாங்க. நான் ஒளிச்சு வச்சுத் திங்கறேன்னு சொல்றாங்க. வாயக் கட்ட மாட்டேங்கறா, புள்ளயக் கெடுக்கறான்னு தண்ணி புடிக்கற எடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. பக்கத்து வூட்டுக்காரம்மா வந்து என்கிட்டயே கேக்குது."

மலர்விழிக்கு காதெல்லாம் சூடாகிப் போச்சு. "நீ ஒளிச்சுத் தின்னியா? உண்மையச் சொல்லு."

"அம்மா மேல சத்தியமா இல்லக்கா. நீ கொடுத்து வுட்டதத் தவிர ஒண்ணத் தொடல." அப்புறம் மெதுவாச் சொன்னா. "ரெண்டு நாளா மத்தியானம் சோறே திங்கலக்கா. தின்னாத்தானே பேசுவாங்க."

மலர்விழி அங்கயே வாசப்படியில உக்காந்துட்டா. சர்க்கரை ஏறினா மருந்து இருக்குது, ஊசி இருக்குது. புள்ளத்தாச்சி வாய்ப்பேச்சுக்குப் பயந்து பட்டினி கெடந்தா அதுக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து வாங்கறது? ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. அது முடிஞ்ச கையோட பிரசவத்துக்குத் தங்கச்சியக் கடத்தூருக்குக் கூட்டிட்டு வந்துர்றதாப் பேச்சு. இன்னும் மூணே நாளு. "ஞாயித்துக்கெழம வந்து அந்தம்மாவ நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன். நீ இப்பப் போயித் தின்னு"ன்னு சொன்னா.

"சரிக்கா. இன்னொண்ணு. நர்சக்கா நான் என்னென்ன திங்கறேன்னு எழுதிட்டு வரச் சொல்லிருக்காங்க. பாக்கெட்டுல வாங்கறதா இருந்தா பின்னாடி போட்டுருக்கறதையும் எழுதணுமாம். நீ எல்லாத்தையும் டப்பாவுல கொட்டித் தந்துட்டுப் போயிர்ற. கவர் என்கிட்ட இல்ல. கடையில பாத்துச் சொல்லு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் புருசனும் பொண்டாட்டியும் டிவிஎஸ்ல தருமபுரிக்கு வந்தாங்க, சீர் சாமான் வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஏசி போட்ட பெரிய சூப்பர் மார்க்கெட். பொறந்த வூட்டுச் சீர்னா ஒம்பது தட்டு. அதுல ஏழு தட்டுல திங்கறது இருக்கணும். லட்டு, பாதுஷா, அதிரசம், முறுக்கு, மிச்சர்னு குமிச்சு வச்சு, வரிசையாத் தூக்கிட்டுத் தெருவுல நடந்து போகணும். தட்டு கொறஞ்சாலும் பேச்சு, தட்டுல இருக்கறது கொறஞ்சாலும் பேச்சு. அன்பு தள்ளுவண்டியத் தள்ளிக்கிட்டு, கையில இருந்த சீட்டப் படிச்சுக்கிட்டே ஸ்வீட்டுப் பக்கமாப் போனான். அவனுக்கு இனிப்புன்னா உசுரு.

"இருங்க மாமா, மொதல்ல ஐசுக்கு வாங்கிருவோம்"னு சொல்லி மலர்விழி வழக்கமாப் போற அலமாரிக்குப் போனா. மேல பச்ச போர்டு, அதுல ஒரு எல படம், 'ஆரோக்கியம்'னு பெருசா எழுதிருக்கும். ரெண்டு மாசமா வாரம் தவறாம அவ வாங்கற எடம். ராகி பிஸ்கட், கம்பு லட்டு, சத்து மாவு. ராகிப் பாக்கெட்டு மேல பச்சப் பசேல்னு கேப்பக் கதிரு படம் போட்டிருக்கும். கம்பு லட்டுல 'வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டு வெல்லம் மட்டும்'னு போட்டிருக்கும். அதப் பாத்துத்தான் வாங்குவா. வெல்லம் ஒண்ணும் பண்ணாதுன்னு அவ ஊருல எல்லாருக்கும் தெரியும். சக்கர வியாதிக்காரரு அவ மாமனாரே காப்பிக்கு வெல்லந்தான்.

ராகிப் பாக்கெட்ட எடுத்தா. திருப்பினா. எழுத்தெல்லாம் எறும்பு சைசு. போன் கேமராவ வச்சுப் பெருசாக்கிப் பாத்தா.

மொத எழுத்தே மைதா. நாப்பத்தி ஆறு சதவீதம். அடுத்தது சக்கரை. அடுத்தது பாமாயில். நாலாவதா வந்து நின்னுச்சு ராகி. பன்னெண்டு சதவீதம். கீழ கட்டம் போட்டு எழுதிருந்தது: நூறு கிராமுக்கு சர்க்கரை இருபத்தி நாலு.

மறுபடியும் படிச்சா. நம்பர் மாறல. கம்பு லட்ட எடுத்துத் திருப்பினா. நாப்பத்தி ஒண்ணு. வெல்லமும் சர்க்கரைக் கணக்குலதான் ஏறி உக்காந்திருந்தது. சத்து மாவு டப்பாவத் திருப்பினா. அம்பத்தி அஞ்சு. பாதிக்கு மேல சர்க்கரை. அதத்தான் ஐஸ்வர்யா காலையில ஒரு டம்ளரு, சாயங்காலம் ஒரு டம்ளருன்னு கலக்கிக் குடிச்சிட்டு இருந்தா, அக்கா கொடுத்ததுன்னு.

மலர்விழி அப்படியே நின்னுட்டா. நூறு லிட்டர் பாலுல இருவத்தி நாலு லிட்டர் தண்ணி ஊத்திக் கொண்டாந்தா அவனை அவ என்ன பண்ணியிருப்பா? சொசைட்டி வாசப்படி ஏற வுட்டிருப்பாளா? ஒரு கரண்டி பாலுக்கு மிஷினு வச்சுப் பாக்கறவ, வயித்துப்புள்ளக்காரி திங்கறதுக்கு கதிரு படத்த நம்பி வாங்கிட்டு வந்திருக்கா. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி திருப்பிப் பாக்கல. அவளுக்கே அவ மேல அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு. கண்ணுல தண்ணி வேற வந்து தொலைச்சுது.

அன்பு வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தான். வண்டியில அதுக்குள்ள ரெண்டு டப்பா லட்டு. "என்ன மலரு, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"மாமா, ஐசு ஒளிச்சுத் திங்கல. நாந்தான் தின்னக் கொடுத்திருக்கேன்."

பாக்கெட்டக் காட்டினா. அன்பு படிச்சான். சித்த நேரம் தாடையச் சொறிஞ்சான். நல்ல மனுசன், ஆனா வம்புன்னா பத்தடி தள்ளி நிக்கறவன். "சரி, போனது போச்சு. இனிமே மாத்திக் கொடுத்துரலாம். இத வெளிய சொல்லாத."

"சொல்லாம?"

"சொன்னா என்னாகும்னு ரோசன பண்ணு. ஐசோட மாமியா, பெரியம்மாள் அத்த, சும்மாவே வெறும் வாய மெல்லுது. அக்காக்காரிதான் சக்கரைய ஏத்தி வுட்டான்னு தெரிஞ்சா, புள்ளய நம்ம கூட அனுப்புமா? பிரசவம் இங்கயேன்னு சொல்லிப்புடும். ஐசு அங்கயே கெடந்து சாவணும். வாய மூடிக்கிட்டுப் போனமா, கூட்டிட்டு வந்தமான்னு இரு."

அவன் சொன்னதுல தப்பு இல்ல. அதான் மலர்விழிக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. சொன்னா தங்கச்சி கூட வர மாட்டா. சொல்லாட்டி தங்கச்சி சாகற வரைக்கும் ஒளிச்சுத் தின்னவன்னு பேரு. புள்ளைக்கு நாளைக்கு ஒரு தும்மல் வந்தாலும், அன்னிக்கு இவ வாயக் கட்டியிருந்தான்னு ஆரம்பிப்பாங்க. அந்தப் புள்ள இப்பவே சோத்துத் தட்டப் பாத்துப் பயப்படுது.

"அந்த லட்ட எடுத்த எடத்துலயே வைங்க"ன்னா.

"எதுக்கு?"

"வைங்கன்னா வைங்க மாமா."

அப்புறம் அவ அந்த ஆரோக்கிய அலமாரியவே சோதனை போட ஆரம்பிச்சுட்டா. காலையில வரிசையா கேனு வர்ற மாதிரி ஒவ்வொரு பாக்கெட்டா. எடுக்கறது, திருப்பறது, படிக்கறது, வைக்கறது. 'சுட்டது, பொரிக்காதது'ன்னு ஒரு சிப்ஸு. நூறு கிராமுக்கு கலோரி ஐநூறு. பக்கத்து அலமாரியில எண்ணெயில பொரிச்ச சிப்ஸு, ஐநூத்தி நாப்பது. "நாப்பதுக்கா இத்தன அலட்டு?"ன்னு அதத் தூக்கி வச்சா. 'டயட் மிச்சரு' பாமாயிலு. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டு மொத எழுத்தே மைதா. பேரீச்சம்பழ பாரு ஒண்ணு, சர்க்கரையே சேக்கலன்னு சத்தியம் பண்ணுச்சு. கீழ கட்டத்துல அம்பத்தி ரெண்டு. படிச்ச பாக்கெட்ட எல்லாம் பின்பக்கம் தெரியற மாதிரியே அடுக்கிக்கிட்டு வந்தா. கதிரும் எலயும் செவுத்தப் பாத்து நின்னுச்சுங்க.

முக்கா மணி நேரம் ஆச்சு. கழுத்துல அட்டை மாட்டின மேனேஜரு வந்தாரு. அட்டையில ராஜான்னு பேரு. "ஏங்க்கா, பாக்கெட்டெல்லாம் திருப்பித் திருப்பி வச்சிருக்கீங்க? நேரா வைங்க."

"நேராத்தாங்க இருக்குது."

"வாங்கறவங்களுக்குப் படம் தெரிய வேணாமா?"

"படம் தெரிஞ்சுதானேங்க ரெண்டு மாசமா வாங்கினேன்." அவ குரல ஏத்தல. அது ஏத்தாம இருக்கறப்பத்தான் பயமா இருக்கும்னு அன்புக்குத் தெரியும், வண்டியோட ரெண்டடி பின்னால போயிட்டான். "என் தங்கச்சி ஏழு மாசம். இந்த போர்டுல ஆரோக்கியம்னு எழுதி வச்சிருக்கீங்களே, இதுல ஒரு பாக்கெட்டாவது நீங்க திருப்பிப் படிச்சிருக்கீங்களா?"

மேனேஜரு வாயத் தொறந்தாரு. ஒரு பாக்கெட்ட எடுத்தாரு. படிச்சாரு. அப்புறம், "நீங்க பாருங்கக்கா"ன்னுட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு.

கடைசியில அவளுக்கு வேண்டியது அந்த அலமாரியில இல்ல. மூலையில, கீழ் தட்டுல, படமே இல்லாத கண்ணாடிக் கவருல இருந்துச்சு. வறுத்த கொண்டக்கடல. சர்க்கரை மூணு, புரதம் இருவது. அதையும் சும்மா எடுக்கல, ரெண்டு கம்பெனிய ஒப்பிட்டு உப்பு கம்மியானத எடுத்தா. வறுத்த தாமரை வெத. பச்சப்பயிறு. நெலக்கடல எடுத்தப்ப கலோரி ஐநூத்தி எம்பதுன்னு கண்ணு விரிஞ்சுது. ஆனா சர்க்கரை நாலுதான். ஒரு நாளைக்கு ஒரு கைன்னு முடிவு பண்ணி எடுத்தா. அப்புறம் காய்கறிப் பக்கம் போயி கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, பெரிய நெல்லிக்கா.

அன்பு வண்டியப் பாத்தான். "சரி, இது ஐசுக்கு. சீருக்கு?"

"இதான் சீரு."

"ஏய், விளையாடாத மலரு. ஒம்பது தட்டுல கொய்யாக்காயும் கடலையுமா? தெருவுல தூக்கிட்டுப் போகணும்டி."

"போவோம். அவளுக்குத்தானே வளைகாப்பு? அவ திங்க முடியாதத அவ மடியில வச்சு அழகு பாக்கச் சொல்றீங்களா? எல்லாரும் ஆளுக்கொரு லட்டு அவ வாயில திணிப்பாங்க. வேணாம்னா சாங்கியம்பாங்க, தின்னா ஒளிச்சுத் திங்கறவம்பாங்க." பில்லு போடற எடத்துக்கு வந்தவ, திரும்பிப் போயி ராகி பிஸ்கட்டு ஒண்ணு, கம்பு லட்டு ஒண்ணு, சத்து மாவு ஒண்ணு எடுத்தாந்து வண்டியில போட்டா.

"இது எதுக்கு?"

"சாட்சிக்கு."

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அதியமான்கோட்டைத் தெருவுல ஒம்பது தட்டும் போச்சு. மேல ஜிகினாக் காகிதம் மூடியிருந்ததால யாருக்கும் ஒண்ணும் தெரியல. வூட்டுக்குள்ள முப்பது பொம்பளைங்க. நடுவுல நாற்காலியில ஐஸ்வர்யா, பட்டுச் சேல கட்டி, கன்னம் ஒட்டிப் போயி உக்காந்திருந்தா. அவ வூட்டுக்காரன் மதியழகன், ஓசூர் கம்பெனியில லீவு போட்டுட்டு வந்தவன், கதவோரமா நின்னுட்டு இருந்தான். பெரியம்மாள் காகிதத்த ஒண்ணொண்ணாப் பிரிச்சாங்க. மொதத் தட்டு கொண்டக்கடல. ரெண்டாவது சுண்டல். மூணாவது வெள்ளரிப் பிஞ்சு. நாலாவதப் பிரிக்கும்போது அவங்க மூஞ்சி சுண்டிப் போச்சு.

"ஏம்மா மலரு, வளைகாப்புக்கு வந்தீங்களா, காட்டுக்குக் காவலுக்கு வந்தீங்களா?"

நாலு பேரு சிரிச்சாங்க. அன்பு வெளிய செருப்பத் தேடற மாதிரி போயிட்டான்.

"கோவிச்சுக்காதீங்க அத்த. சீருல கொறை இருந்தா என்னைப் பேசுங்க, கேட்டுக்கறேன். அதுக்கு முன்னாடி எல்லாரும் இருக்கறப்பவே ஒண்ணு சொல்லிப்புடறேன்." பன்னெண்டு வருசமா அடுத்தவங்க தப்ப நாலு பேர் முன்னாடி சொன்னவ, தன் தப்பச் சொல்ல எந்திரிச்சு நின்னது இதான் மொத வாட்டி. பையில இருந்து மூணு பாக்கெட்டையும் எடுத்தா. "ஐசுக்குச் சர்க்கரை ஏறினது ஒளிச்சுத் தின்னு இல்ல. நான் ரெண்டு மாசமா டப்பாவுல கொட்டிக் கொடுத்து வுட்டது இதான். நல்லதுன்னு நெனச்சேன். பின்பக்கம் படிக்கல. இதுல கா பங்கு சர்க்கரை. இதுல பாதி. அவ தின்னது அவ அக்கா கொடுத்தத. தப்பு எம்மேல."

பாக்கெட்டு கை மாறுச்சு. ஒரு பொம்பள கண்ணாடியப் போட்டுப் படிச்சுட்டு, "அடக் கெரகமே, இதத்தான் எங்கூட்டுக்காரருக்கு சுகருக்கு நல்லதுன்னு வாங்கறேன்"னுச்சு. இன்னொண்ணு தன் மவனுக்கு தெனமும் பள்ளிக்கூடத்துக்கு இதான்னுச்சு.

மலர்விழி பெரியம்மாளப் பாத்தா. "என் தப்ப எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் அத்த. இவ ஒளிச்சுத் திங்கறான்னு நீங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. அத இல்லைன்னு நீங்களும் இங்கயே சொல்லிருங்க. அவ உங்க பேச்சுக்குப் பயந்து சோறு திங்காமக் கெடக்கறா."

பெரியம்மாள் மருமவ பக்கம் திரும்பினாங்க. அந்த ஒட்டின கன்னத்த அப்பத்தான் பாத்தாங்களோ என்னவோ, அவங்களுக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. கெட்ட மனுசி இல்ல அவங்க. மாசா மாசம் ஆஸ்பத்திரிக்கு மருமவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது அவங்கதான். பயம், வாய் வழியா வந்துருச்சு. "சரி. அவ ஒளிச்சுத் திங்கல. நான் சொன்னது தப்பு, போதுமா?" மூச்ச இழுத்து வுட்டாங்க. "ஆனா ஒண்ணு. ரெண்டு மாசமா என் பேரப்புள்ளைக்குச் சர்க்கரைய ஊட்டினவ கூட என் மருமவள நான் அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கதான்."

அன்பு சொன்னது அப்படியே நடந்துருச்சு. மலர்விழி தங்கச்சி பேரக் காப்பாத்திட்டா, தங்கச்சியக் கோட்ட விட்டுட்டா. அந்தம்மா சொன்னதுல ஞாயமும் இருந்துச்சு.

அப்பத்தான் ஐஸ்வர்யா கைய நீட்டினா. "அக்கா, இந்தக் கடலையோட பாக்கெட்டு எங்க?"

"எதுக்குடி?"

"கொடு."

மலர்விழி பைக்குள்ள தொழாவி காலிக் கவர எடுத்துக் கொடுத்தா. ஐஸ்வர்யா அத வாங்கித் திருப்பினா. வெளிச்சத்துக்குக் காட்டி, வெரல வச்சு, ஒவ்வொரு வரியாப் படிச்சா. அவசரமே படல. முப்பது பொம்பளைங்களும் அவ வாயவே பாத்துட்டு இருந்தாங்க. மலர்விழி ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நின்னா, காலையில அவ மிஷினுக்கு முன்னாடி கேன வச்சுட்டு சீட்டுக்குக் காத்திருப்பாங்களே, அந்த மாதிரி.

படிச்சு முடிச்சு, கவர மடிச்சு, தட்ட மடிக்கு இழுத்தா. ஒரு கை அள்ளி வாயில போட்டா. எல்லார் முன்னாடியும் நறுக்கு நறுக்குன்னு மென்னா. அப்புறம் இன்னொரு கை.

"அத்த, நான் அக்கா கூடத்தான் போறேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நீங்க வந்துருங்க, அங்க நீங்கதான் வேணும்." பெரியம்மாள் என்னமோ சொல்ல வந்தாங்க. அவ நிறுத்தல. "இனிமே யார் எதக் கொடுத்தாலும் கவரோட கொடுக்கணும். பாத்துட்டுத்தான் திம்பேன்." மலர்விழி பக்கம் திரும்பினா. "நீ கொடுத்தாலும்."

"சரி"ன்னா மலர்விழி.

கதவோரத்துல நின்ன மதியழகன் அம்மாவ ஒரு பார்வ பாத்தான், பொண்டாட்டிய ஒரு பார்வ பாத்தான். உள்ள போயி அவ துணிப் பைய எடுத்தாந்து அக்கா பக்கத்துல வச்சான்.